முக்தாத் ஏற்பாடு: முதல்முறை செய்பவர்களுக்கு

என் மாமியார் 2025 ஜனவரியில் காலமானார். அவர் இருந்தவரை முக்தாத் (பார்சிகள் இறந்தவர்களை நினைக்கும் நாட்கள்) என்றால் எனக்கு ஆகஸ்டில் வீட்டுக்கு வரும் பழங்களும் மாலிதோ என்ற இனிப்பும்தான். யாருக்குப் போன் போட்டார், என்ன எழுதிக் கொடுத்தார், எவ்வளவு கட்டினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வருடம் அவருக்கே முதல் முக்தாத். கணவர் கப்பலில் இருந்தார். நான் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண், பார்சி அல்ல. அகியாரிக்குள் (பார்சிகளின் அக்னிக் கோயில்) போக எனக்கு அனுமதி கிடையாது. ஆனால் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. பதிவுக்குத் தாமதமாகப் போய், பெயர்களைத் தப்பாகக் கொடுத்து, ஒரே காரியத்துக்கு இரண்டு முறை பணம் கட்டப் பார்த்து, எப்படியோ செய்து முடித்தேன்.

பார்சி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள், சமூகத்தை விட்டுத் தூரத்தில் வளர்ந்த பார்சிப் பிள்ளைகள், தனியாக இருக்கும் பார்சிப் பெரியவருக்கு ஓடியாடி உதவும் பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜரதுஷ்டிர (பார்சிகளின் மதம்) ஆண்டின் கடைசி 10 நாட்கள்தான் முக்தாத். இறந்தவர்களின் ஃப்ரவஷிகள் (காக்கும் ஆவிகள்) அந்த நாட்களில் வீட்டாரிடம் விருந்தாளிகளாக வந்து தங்கிப் போகின்றன என்பது நம்பிக்கை. நம் திதி போல ஒரு காலைப்பொழுதில் முடிகிற காரியம் அல்ல. 10 நாள் விருந்தாளி என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏற்பாடுகள் தானாகப் புரியும்.

1. எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள்

தேதி பார்ப்பதற்கு முன் இதுதான் முதல் கேள்வி. பார்சிகளிடம் மூன்று கணக்கு இருக்கிறது: ஷஹன்ஷாஹி, கத்மி, ஃபஸ்லி. பெரும்பாலான குடும்பங்கள் ஷஹன்ஷாஹி. அந்தக் கணக்கில் 2026 நவ்ரோஸ் (புத்தாண்டு) ஆகஸ்ட் 15, எனவே முக்தாத் ஆகஸ்ட் 5 முதல் 14 வரை. கத்மி சரியாக 30 நாள் முன்னால் ஓடும்: ஜூலை 6 முதல் 15. ஃபஸ்லியில் புத்தாண்டு மார்ச் 21 என்பதால் முக்தாத் மார்ச் 11-லேயே தொடங்கிவிடும்.

ஷஹன்ஷாஹியிலும் கத்மியிலும் லீப் நாள் கிடையாது. அதனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் ஒரு நாள் முன்னால் நகரும். 2027-இல் நவ்ரோஸ் ஆகஸ்ட் 15-தான். 2028-இல் ஆகஸ்ட் 14. போன முறை குறித்து வைத்த தேதியை நம்பி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பத்தில் முதல் ஐந்து நாள் கடைசி மாதமான அஸ்பந்தாதின் கடைசி ஐந்து ரோஜ்கள் (நாட்கள்). அடுத்த ஐந்தும் எந்த மாதத்திலும் சேராத காதா நாட்கள்: அஹுனவத், உஷ்தவத், ஸ்பெந்தோமத், வொஹுக்ஷத்ர, வஹிஷ்தோயிஷ்த். "ஐந்து நாள் போதுமா, பத்து நாளா?" என்று அகியாரியில் கேட்டால், காதா நாட்கள் மட்டுமா என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அது புரியாமல், ஏதோ தள்ளுபடி பேசுகிறார்கள் போல என்று நினைத்து விழித்தேன்.

2. இறந்த நாளின் ரோஜைச் சரிபாருங்கள்

ஆங்கிலத் தேதி அங்கே செல்லாது. ரோஜ் (நாள்), மாஹ் (மாதம்) இரண்டும் வேண்டும். 30 ரோஜுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. முக்தாதுக்குப் பெயர் இருந்தால் போதும் என்றாலும், முதல் வருடம் மாசிசோ, சம்சி, வர்சி என்று மாத, அரையாண்டு, ஆண்டுக் காரியங்களும் சேர்ந்தே வரும். பதிவேட்டில் ஒருமுறை தப்பாக ஏறிவிட்டால் வருடா வருடம் அதே தப்புதான்.

இதில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. ஜரதுஷ்டிர நாள் தொடங்குவது விடியலில், நள்ளிரவில் அல்ல. மாமியார் இறந்தது ஜனவரி 21 அதிகாலை 4.10-க்கு. நான் 21-ஆம் தேதிக்கு ரோஜ் பார்த்து ஆவான் என்று எழுதிப் போனேன். விடியவில்லை என்பதால் அது 20-ஆம் தேதியின் ரோஜான ஆதர். மாஹ் ஷஹ்ரேவர்.

மாநகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும், நேரம் இருக்காது. எனவே மருத்துவமனையின் இறப்புக் குறிப்பை எடுத்து வையுங்கள். நள்ளிரவுக்கும் சூரிய உதயத்துக்கும் நடுவில் நடந்த இறப்பு என்றால் நேரத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

3. பெயர்ப் பட்டியல்: பாதி வேலை இதுதான்

முக்தாதில் நடப்பதை எல்லாம் ஒரே வரியில் சொல்லச் சொன்னால், பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள் என்பேன். இதற்கு நாம்கிரஹண் என்று பேர். நீங்கள் எழுதிக் கொடுக்காத பெயரைக் குருவால் அழைக்க முடியாது.

வீட்டில் ஒரு பழைய நோட்டு இருக்கும். திசா போத்தி என்பார்கள். இறந்தவர்களின் பெயரும் ரோஜும் மாஹும் அதில் இருக்கும். பூஜை சாமான் இருக்கும் இடம், பீரோ, சமையலறை டிராயர் எல்லாம் தேடுங்கள். என் மாமியாருடையது தையல் மெஷின் டிராயரில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் கிடைத்தது. முழுக்கக் குஜராத்தி எழுத்து. எனக்குக் குஜராத்தி பேச வரும், கையெழுத்து வாசிக்க வராது. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, கணவரின் அத்தைக்கு (ஃபூயி என்று கூப்பிடுவோம்) வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் போனில் வாசிக்க வாசிக்கத் தமிழில் எழுதிக்கொண்டேன். ஃபூயிக்கு 83 வயது. இரண்டு மாலை ஆனது, பாதி நேரம் கதையில் போனது. வீட்டில் ஃபூயி மாதிரி ஒருவர் இருந்தால் முக்தாத் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே உட்காருங்கள்.

பட்டியலில் கவனிக்க வேண்டியவை:

குடும்பப் பெயர் பிரார்த்தனையில் வராது. நான் 14 பேருக்கும் அழகாகக் குடும்பப் பெயரோடு எழுதிக்கொண்டு போனேன். பந்தக்கி (அகியாரியை நடத்தும் குரு) கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டிக்ரி (மகளே), இது ரேஷன் கார்டு இல்லை" என்றார். அவருக்கு வேண்டியது சொந்தப் பெயரும் தந்தை பெயரும். மணமான பெண்களுக்குக் கணவர் பெயரைச் சேர்த்து எழுதிக்கொண்டார்.

செல்லப் பெயர் செல்லாது. டாலி, பாப்பி, குலு என்று வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்டிருப்பார்கள். நவ்ஜோத்தில் (பிள்ளையை மதத்தில் சேர்க்கும் சடங்கு) சொல்லி அழைத்த பெயர் வேறாக இருக்கும். தத்துப் போனவர்கள் குடும்பத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி முக்கியம். குருவாகத் தீட்சை பெற்றவர் எர்வத். குரு குடும்பத்தில் பிறந்து தீட்சை பெறாதவர் ஓஸ்தா, அக்குடும்பப் பெண் ஓஸ்தி. மற்றவர்கள் பெஹ்தின். மாமனாரின் அப்பா வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் பெஹ்தின் என்று எழுதிவிட்டேன். சிறுவயதில் அவர் நாவர் தீட்சை முடித்தவர், எர்வத் என்று ஃபூயி திருத்தினார். வேலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, ஃபர்மாயஷ்ணே. காரியத்தைச் செய்யச் சொன்னவரின் பெயரும் பிரார்த்தனையில் ஒலிக்கும். அது நவ்ஜோத் ஆன ஜரதுஷ்டிரராக இருக்க வேண்டும். ஆக, பட்டியல் எழுதியதும் பணம் கட்டியதும் பூ வாங்கியதும் நான். சொன்னது என் கணவர் பெயர். எனக்கு இதில் வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் கவுண்டரில் நின்று வாதாடுகிற விஷயமும் அல்ல. கணவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பட்டியல் முடிந்ததும் குஜராத்தி எழுத்தில் ஒரு நகல் எடுத்து, பந்தக்கியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். குர்ஷேத், கோர்ஷேத் மாதிரி வித்தியாசங்கள் அப்போதுதான் பிடிபடும்.

4. எந்த அகியாரி, எப்போது

நவ்ரோஸுக்கு மூன்று மாதம் முன்பே, அதாவது ஷஹன்ஷாஹி குடும்பம் என்றால் மே மாதத்திலேயே போன் செய்யுங்கள். நான் ஜூலை முதல் வாரம் போய், குடும்பம் வழக்கமாகச் செய்யும் இடத்தில் மேஜை நிறைந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பி வந்தேன். பளிங்குப் பலகை போட்ட அந்த மேஜைகளில், இறந்தவர்களுக்காகப் பூ வைக்கும் குவளை இத்தனைதான் கொள்ளும் என்று கணக்கு உண்டு. குருமார்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்; 10 நாளும் விடிகாலையிலிருந்து ஓதுகிற ஆட்களுக்கு ஒரு அளவு இருக்கிறதே.

கேட்க வேண்டிய கேள்விகள்: இங்கே எந்தப் பஞ்சாங்கப்படி முக்தாத் செய்கிறீர்கள்? தனிக் குவளை உண்டா, எல்லாருக்கும் பொதுவா? பழைய குடும்பங்களுக்கு முன்னுரிமை என்றால், எங்கள் குடும்பம் உங்கள் ஏட்டில் இருக்கிறதா?

இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: இந்தப் பெயருக்கு ஏற்கெனவே நிதி கட்டியிருக்கிறதா? சில குடும்பங்கள் ஒரு தொகையை அறக்கட்டளையில் நிரந்தரமாகப் போட்டு, வட்டியில் வருடா வருடம் முக்தாத் நடக்கும்படி செய்திருப்பார்கள். மாமனார் பெயருக்கு மாமியார் அப்படிப் போட்டிருந்தார். மஞ்சளடித்த ரசீது அதே திசா போத்திக்குள் மடித்து இருந்தது. அதைப் பார்க்காமல் நான் அவருக்கும் சேர்த்துப் பணம் எண்ண ஆரம்பித்திருந்தேன்.

மும்பையில் இடம் கிடைக்கவில்லை என்றால் குஜராத்தில் உத்வாடாவிலோ சூரத், நவ்சாரியிலோ கேட்கலாம். பெயர்ப்பட்டியலை அனுப்பிப் பணம் கட்டினால் நீங்கள் போகாமலும் நடக்கும். தமிழ்நாட்டில் இருக்கும் பார்சி குடும்பங்களுக்கு இருப்பது ஒரே அக்னிக் கோயில், ராயபுரத்தில் 1910-இல் தொடங்கியது. சின்னச் சமூகம் என்பதால் அங்கே குருவிடம் நேரில் பேசுவதே நல்லது.

யார் உள்ளே போகலாம் என்பதையும் பதிவின்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பார்சி தந்தைக்குப் பிறந்து நவ்ஜோத் ஆன பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. பம்பாய் உயர்நீதிமன்றம் 1908-லேயே அதைச் சொல்லிவிட்டது. வெளியே மணம் செய்த பார்சிப் பெண்களுக்குத்தான் இடத்துக்கு இடம் வழக்கம் மாறுகிறது. அன்று காலை பூவோடு வாசலில் நிற்கும்போது தெரிந்துகொள்கிற செய்தி அல்ல அது. பெண்கள் மாதவிலக்கு நாட்களில் உள்ளே போவதில்லை. வீட்டில் ஒரே ஆள்தான் என்றால் மாற்று ஆளும் பேசி வையுங்கள்.

எங்கள் வீட்டில் போக முடிந்தவன் என் 11 வயது மகன் ஒருவன்தான்.

5. என்னென்ன சொல்லி வைப்பது

விலைப்பட்டியலில் நான்கு பெயர்கள் இருக்கும். பாஜ், ஸ்தூம், அஃப்ரிங்கான், ஃபரோக்ஷி. நாலும் வேண்டுமா என்று மலைக்காதீர்கள். ஸ்தூம் என்பது சமைத்த உணவை வைத்து ஓதுவது. அஃப்ரிங்கான் பூ, பழம், பால், நீர் வைத்துத் தீயின் முன் செய்வது. இதில்தான் குருமார்கள் பூவைக் கைமாற்றிக்கொள்வார்கள். ஃபரோக்ஷியில் ஃப்ரவஷிகளைப் போற்றும் நீண்ட யஷ்த் (துதிப் பாடல்) வரும். பாஜில் தாரூன் என்ற புளிக்காத சிறு ரொட்டி வைத்து ஓதுவார்கள்.

முதல் வருடம் என்றால் முடிந்தவரை எல்லாம் செய்யுங்கள் என்று ஃபூயி சொன்னார். நாங்கள் மாமியாருக்கு 10 நாளும் ஸ்தூமும் அஃப்ரிங்கானும், காதா நாட்களில் மட்டும் மற்ற இரண்டும் என்று பேசிக்கொண்டோம். மற்ற 13 பெயர்களும் அதே பிரார்த்தனையிலேயே சேர்ந்து வரும், தனிக் கட்டணம் இல்லை.

உணவில் நம்மவர்கள் ஒன்றில் திகைப்பார்கள். இது சைவ விரத நாள் அல்ல. ஸ்தூமில் முட்டையும் இறைச்சியும் இருக்கலாம், போனவருக்குப் பிடித்ததை வைக்கலாம். ஆனால் சமைக்கும் கை பார்சியாக இருக்க வேண்டும் என்று எங்கள் அகியாரியில் கேட்டார்கள். மாமியாருக்குப் பிடித்த ரவோ (ரவையும் பாலும் சேர்ந்த பாயசம் போன்றது) அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதை அங்கே பணம் கட்டித்தான் செய்ய வைத்தேன்.

6. செலவு

தொகை அகியாரிக்கு அகியாரி மாறும், வருடா வருடம் ஏறும். அதனால் எதற்கெல்லாம் பணம் போகும் என்று மட்டும் சொல்கிறேன். மேஜை அல்லது குவளைக் கட்டணம், பிரார்த்தனை ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கில் கட்டணம், பழம், மாலிதோ, பாப்டி, சுகட் (சந்தனக் கட்டை), லோபான் (சாம்பிராணி), பூ. இவை ரசீதில் வரும், அல்லது நீங்களே வாங்குவீர்கள்.

ரசீதில் வராதது ஆஷோதாத், குருமார்களுக்குத் தரும் காணிக்கை. ஓதுகிற குரு வேறு, பந்தக்கி வேறு. அவரவருக்குத் தனித்தனி உறை போட்டு வையுங்கள். கூகுள் பே இருக்கிறதே என்று நான் பணம் எடுக்காமல் இருந்துவிட்டேன், கடைசி நாள் மழையில் ஏடிஎம் தேடி ஓடினேன். முதல் வருடத்தில் சியாவ் என்ற வெள்ளை உடைத் தொகுதி வைக்கும் வழக்கம் குடும்பத்தில் இருந்தால் அதுவும் தனிச் செலவு.

சுகட் வாங்கும்போது கவனம். வாசனைத் தைலம் தடவிய சாதாரண மரத்துண்டைச் சந்தனம் என்று தலையில் கட்டுவார்கள். அகியாரி வாசலிலோ அவர்கள் சொல்லும் கடையிலோ மட்டும் வாங்குங்கள். சின்னத் துண்டு போதும்.

எங்களுக்கு எதிர்பாராத செலவு பூவில்தான் வந்தது.

7. குவளையும் பூவும்

ஒவ்வொருவருக்கும் ஒரு உலோகக் குவளை. கராசியா என்பார்கள். வெள்ளியாக இருக்கலாம், ஜெர்மன் சில்வராகவும் இருக்கலாம். வீட்டில் பழையது இருந்தால் எடுத்துப் பாருங்கள், யாருக்கென்று பெயர் பொறித்திருக்கும். புதிதாக இறந்தவருக்குப் புதுக் குவளை வாங்கிப் பெயர் பொறிக்க வேண்டும். பொறிப்பவரிடம் குறைந்தது 15 நாள் முன்னால் கொடுங்கள். ஜூலை கடைசியில் கூட்டம் தாங்காது. அடிப்பக்கத்திலும் பொறிக்கச் சொல்லுங்கள்.

பழைய வெள்ளிக் குவளை கறுத்திருந்தால் விபூதி போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகும். நான் அப்படித்தான் செய்தேன். எதனால் துடைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூ வாடக்கூடாது, தண்ணீர் தினம் மாற வேண்டும். சில இடங்களில் தினமும் புதுப் பூ, சில இடங்களில் முதல் நாளும் முதல் காதா நாளும். முன்கூட்டியே கேளுங்கள். ரோஜா, சம்பங்கி, லில்லி எல்லாம் ஆகும். ஆனால் ஆகஸ்ட் மும்பையில் ஷ்ராவண மாத விலை, மழை வேறு. தாதர் பூச்சந்தையில் விடிகாலை வாங்கினால் மலிவு. நான் மாட்டுங்கா மார்க்கெட்டில் எங்கள் ஊர்ப் பூக்கார அண்ணனிடம் 10 நாளுக்கும் ஒரே விலை பேசி, பாதி முன்பணம் கொடுத்துவிட்டேன். "யாருக்குக்கா தினமும் இவ்வளவு?" என்றார். மாமியாருக்கு என்றேன். "குடுத்து வச்சவங்க" என்று ஒரு முழம் மல்லிகையைக் காசு வாங்காமல் மேலே வைத்தார். மல்லிகையை வைக்கலாமா என்று குருவிடம் கேட்டுத்தான் அனுப்பினேன். வைத்துக்கொண்டார்கள்.

8. அந்தப் பத்து நாள்

உள்ளே போகிறவருக்கு சுத்ரே (புனித உள்சட்டை), குஸ்தி (இடுப்பில் கட்டும் புனித நூல்), தலையில் தொப்பி, பெண்களுக்குத் தலைத்துணி. வாசலில் கை முகம் கழுவிக் குஸ்தி கட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும், எனவே பத்து நிமிடம் முன்னால் போங்கள். நேரத்தைக் கடிகாரத்தில் சொல்லாமல் காஹ் (வேளை) கணக்கில் சொல்வார்கள். ஹாவன் காஹ் என்றால் சூரிய உதயத்திலிருந்து நண்பகல்வரை. "ஹாவனில் வாருங்கள்" என்பதை நம்பி 11 மணிக்குப் போனால் உங்கள் பெயர்கள் ஓதி முடிந்திருக்கும். உங்கள் குடும்ப முறை எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

பள்ளிப் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் விடுப்புக் கடிதம் முன்பே கொடுத்துவிடுங்கள். என் மகன் முதல் நாள் உள்ளே போய்விட்டு வந்து, "மம்மயிக்குப் பக்கத்துக் குவளை யாருன்னு தெரியல, ஆனா அவங்க பூ நம்மளோடத விடப் பெருசு" என்று புகார் சொன்னான். அவன் மம்மயி என்று சொன்னது தப்பு, அப்பாவின் அம்மாவுக்கு பபயி என்று ஃபூயி அன்று இரவே போனில் திருத்தினார். ஆனால் வெளியே நிற்பவருக்கு இந்த மாதிரித் தகவல்தான் துணை. படம் எடுக்கச் சொல்லி அனுப்பாதீர்கள், அனுமதி இல்லை.

வீட்டில் முன்பே தூசி தட்டிச் சுத்தம் செய்து, படத்தின் முன் திவோ (எண்ணெய் விளக்கு) ஏற்றி வைத்தோம். அதற்கு யாரும் என்னிடம் அடையாளம் கேட்கவில்லை. தினமும் சாஸ்னி, அதாவது ஓதிய பழமும் மாலிதோவும் வீட்டுக்கு வரும். பெரிய டப்பா கொடுத்தனுப்புங்கள். அழுது வடிய வேண்டாம் என்பதை மட்டும் ஃபூயி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், விருந்தாளி வந்திருக்கும்போது அது மரியாதை இல்லையாம்.

9. கடைசி விடியலும் குவளையும்

பத்தாம் நாள் இரவு முடிந்து நவ்ரோஸ் விடிவதற்கு முன், இருட்டிலேயே வழியனுப்பும் பிரார்த்தனை நடக்கும். கலந்துகொள்ள நினைப்பவர்கள் முந்தின நாளே நேரம் கேட்டு, வண்டியும் சொல்லி வையுங்கள். ஆகஸ்ட் 15 என்பதால் காலையில் சில சாலைகளை அடைத்துவிடுகிறார்கள். மகனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் நான் டாக்சியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே விளக்கு வெளிச்சம், வெளியே தூறல். அரைமணி நேரத்தில் அவன் தூங்கி வழிந்துகொண்டு வந்தான்.

அன்றே குவளையைக் கேட்காதீர்கள், நவ்ரோஸ் கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு நாள் கழித்து, பதிவு ரசீதோடு போங்கள். நூற்றுக்கணக்கான குவளைகள் காலியாக, ஒரே மாதிரி வரிசையாக நிற்கும். நான் ரசீதைத் தொலைத்துவிட்டேன். மகன் உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் பெயர் பார்த்துத்தான் பாட்டியின் குவளையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான்.